இடது கை வீடு, வலது கை ஆள்

ஜெயத்துக்குப் பயமில்லாத பொருள் ஒன்றாவது இந்த உலகத்தில் இருக்கிறதா என்று கல்யாணமான நாளிலிருந்து நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். பல்லிக்குப் பயம். இடிக்குப் பயம். பள்ளிக்கூடத்துக்கு வரும் இன்ஸ்பெக்டருக்குப் பயம். பிரஷர் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலுக்கு ஓடிவந்து நின்றுகொள்வாள். நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு, வேன் ஓட்டுகிறவன். லோடு இறக்கிவிட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், இவள் மனசுக்குள் என்னை லாரியில் அடித்துப் போட்டுக் கருமாதி வரைக்கும் முடித்துவைத்திருப்பாள்.

"உசிரோட கீறவனுக்குச் சோறு போடுமே மொதல்ல" என்று கத்துவேன்.

"வாயக் கழுவுங்க" என்பாள். கண்ணெல்லாம் ஈரமாக இருக்கும். சண்டை போடக்கூட முடியாது.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் அடுத்தவன் பெண்ணை, அவன் வீட்டு விசேஷத்தில், அவன் கண்ணெதிரேயே தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் வண்டி ஓட்டினேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் ஜெயம் எப்பேர்ப்பட்டவள் என்று தெரியாவிட்டால் அது விளங்காது.

மண்டகப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவளுடையது. அங்கே பாறையைக் குடைந்து கட்டிய ராஜா காலத்துக் கோயில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலேயே பிறந்த இவள் வௌவாலுக்குப் பயந்து இன்றுவரைக்கும் உள்ளே கால் வைத்ததில்லை. டீச்சர் டிரெய்னிங் முடித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள், மண்டிக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தாள். பெரிய வகுப்பு தருகிறோம் என்றார்கள். மீசை முளைக்கிற பையன்களுக்குப் பயம் என்று வேண்டாம் என்றுவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு அவள் பயப்பட மாட்டாள். அவர்களுக்காகப் பயப்படுவாள். எவனாவது பல்பத்தை வாயில் வைத்தால் அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தக் கதையில் ஒரு கலர் கட்டையும் உண்டு. அது எங்கள் வீட்டுக்கு வந்தது என்னால்தான். எண்பத்து மூன்றாம் வருஷம், கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் கடைக்கு எண்ணெய் டின் இறக்கப் போயிருந்தேன். அவர் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சாமான்களோடு அதுவும் கிடந்தது. ஆறு பக்கம், ஆறு கலர். எந்தப் பக்கத்தையும் திருகலாம். திருகத் திருகக் கலரெல்லாம் கலைந்து கந்தல்கோலமாகிவிடும். மறுபடி ஒவ்வொரு பக்கமும் ஒரே கலராகச் சேர வேண்டும். அதுதான் விளையாட்டு. அந்த வீட்டில் எல்லாரும் திருகிப் பார்த்துச் சலித்துப்போய் மூலையில் போட்டிருந்தார்கள்.

"உங்க வூட்டம்மா டீச்சர்தானே டிரைவர்? எடுத்துக்கினு போங்க. எங்களுக்குத் தலவலிதான் மிச்சம்" என்றார் பாய்.

அந்தத் தலைவலி அப்படியே என் வீட்டுக்கு மாறியது. கூடவே ஒரு இங்கிலீஷ் காகிதம் இருந்தது. அதை அகராதியை வைத்து ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பிரித்து, மாசக்கணக்கில் உட்கார்ந்தாள் ஜெயம். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கட்டை. குழம்பில் ஒரு நாள் உப்பு இருக்காது, மறுநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்து இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துக்கொண்டிருந்தேன், சமையலறையிலிருந்து ஒரு அலறல். பல்லிதான் மேலே விழுந்துவிட்டது என்று சோப்பு நுரையோடு ஓடினேன். கட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். ஆறு பக்கமும் சேர்ந்திருந்தது. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வந்ததோ இல்லையோ, அவள் முகத்தைப் பார்த்து வந்தது.

அதோடு விட்டாளா? ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றாள். "மூக்க சிந்தத் தெரியாத புள்ளைங்களுக்கா?" என்று சிரித்தேன். "சிரிங்க, சிரிங்க" என்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்த விதத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு இடம் வலம் எல்லாம் குழம்பும். அதனால் அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். இடது கை வீடு, வலது கை ஆள். வீடு அசையவே கூடாது, கட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வேலையெல்லாம் ஆளுக்குத்தான். கட்டையின் வலது பக்கத்தை மேலே திருப்பினால் மாடி ஏறு. ஆள்காட்டி விரலால் மேல் தட்டை இழுத்தால் கதவைத் திற. வலது பக்கத்தைக் கீழே கொண்டுவந்தால் மாடி இறங்கு. மேல் தட்டைத் திரும்பத் தள்ளினால் கதவைச் சாத்து. ஏறு, திற, இறங்கு, சாத்து. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மூலையில் இருக்கும் துண்டு தன் இடத்தில் வந்து உட்காரும். அதற்கப்புறம் வேறு பாட்டு உண்டு. என் மண்டையில் ஏறியது இந்த ஒரு பாட்டுதான்.

கட்டை ஒன்றே ஒன்று. பிள்ளைகளோ வகுப்பு நிறைய. ஒருவன் கையில் கட்டை இருக்கும்போது மற்றதெல்லாம் என்ன செய்யும்? அதற்கும் ஜெயம் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெறுங்கைக் கட்டை. கையில் கட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு காற்றில் திருப்ப வேண்டியது. கொஞ்ச நாளில் எங்கள் தெருப் பக்கம் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் இதுதான். தண்ணிக் குழாயடியில், ரேஷன் க்யூவில், அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, ஏறு, திற, இறங்கு, சாத்து. "உங்க வூட்டம்மா எம்புள்ளைக்கு இன்னா மருந்து வெச்சா?" என்று மண்டியில் ஒருத்தன் என்னைக் கேட்டான்.

அதிலே முதல் ஆள் வடிவு. அப்பா வீரமுத்து மரக்காணத்துப் பக்கத்துக் கடற்கரைக்காரர். திண்டிவனம் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். அம்மா சௌந்தரம். வடிவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அந்த வகுப்பில் கட்டை முழுவதையும் சேர்த்த முதல் பிள்ளை அவள்தான். ஆனால் ஒரு கெட்ட பழக்கம். அவசரக்குடுக்கை. ஏறுவாள், திறப்பாள், இறங்குவாள், சாத்த மறந்துவிட்டு மறுபடி ஏற ஆரம்பிப்பாள். சேர்த்து வைத்ததெல்லாம் கலைந்துவிடும்.

"கதவச் சாத்துடி, நாய் பூந்துடும்!" என்று ஜெயம் கத்துவாள். வகுப்பே சிரிக்கும். வடிவு அந்த ஓட்டைப் பல்லோடு சிரித்துக்கொண்டே விரலைத் தள்ளிச் சாத்துவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. மண்டிக்கு மூட்டை கொண்டுவருகிற குடியானவர்கள் சொன்ன சேதி ஒன்றும் நன்றாக இல்லை. சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மூளைக் காய்ச்சல் என்றார்கள். நேற்றுவரைக்கும் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இன்றைக்குக் கண்ணைத் திறக்கவில்லை என்றார்கள். நான் அதை வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது. ஓட்டை வாய், சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து ஜெயத்துக்குத் தூக்கம் போனது. வகுப்பில் ஒரு இடம் காலியாக இருந்தால் சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். வீட்டில் கொசு ஒன்று பாடினால் விளக்கைப் போட்டு எழுப்பிவிடுவாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. ஊர்ல கீற கொசுவையெல்லாம் நீயே அடிச்சிக் கொன்னுடுவியா?" என்று திட்டினேன். அவள் சுவரில் அந்தக் கொசுவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வடிவு ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் வரவில்லை. ஜெயம் பதறுவதற்குள் மறுநாள் காலையில் சௌந்தரமே வந்து சொல்லிவிட்டுப் போனாள். "மழையில நனஞ்ச ஜொரம் டீச்சர். டாக்டரு மாத்திர குடுத்துகீறாரு. ஜொரத்துலயும் கட்டைய உட மாட்டேன்றா, படுத்துக்கினே வெறுங்கையில வெரலத் திருப்பிக்கினு கீறா. நாயித்துக்கிழம கோலியனூர்ல சின்னவனுக்குக் காதுகுத்து. நீங்களும் சாரும் அவசியம் வரணும். கட்டையையும் எடுத்தாரணும்னு அவுரு சொல்லச் சொன்னாரு. எங்க சனங்க முன்னால வடிவு போட்டுக் காட்டணுமாம்."

அன்றைக்குச் சாயங்காலம் ஜெயம் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ஜொரத்துலயும் போடறாளாங்க! எம் புள்ள!" என்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அன்று நன்றாகத் தூங்கினாள். தொட்டதற்கெல்லாம் பயந்தவள் பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பயப்படாமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கடைக்கு லோடு இருந்தது. அதை இறக்கிவிட்டு அப்படியே கோலியனூர் போய்விடலாம் என்று ஜெயத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டேன். பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், மடியில் கலர் கட்டை. மழை தூறிக்கொண்டே இருந்தது. மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர் வீட்டு முன்னால் பந்தல். வீரமுத்து புது வேட்டி கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க டீச்சரம்மா, வாங்கண்ணே! கட்டைய எடுத்தாந்தீங்களா?"

"எடுத்தாந்துகீறேண்ணே. வடிவு எங்க?"

"உள்ள படுத்துக்கினு கீறா. ஜொரம் இன்னும் கொஞ்சம் கீது. ஆனா வெரல் சும்மா கெடக்கல. வந்து பாருங்க, எங்க சனமே அதிசயப்பட்டுக்கினு கீது!"

உள்ளறையில் ஒரே கூட்டம். பொம்பளைகள், பிள்ளைகள், வெற்றிலை மெல்லும் ஆண்கள், எல்லாரும் பாயைச் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வடிவு. புதுப் பாவாடை கட்டி, மை வைத்து, பூ வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். விரல்கள் சுருங்கிச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு ஏற்றபடி "ஏறு, தெற, எறங்கு, சாத்து" என்று தாளம் போட்டான். "தூக்கத்துலயே போடுது பாரேன்" என்று ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

ஜெயம் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். பாயின் பக்கத்தில் மண்டி போட்டாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போனதை நான் பார்த்தேன்.

"வடிவு" என்றாள். கொஞ்சம் சத்தமாக, "வடிவு, டீச்சர் வந்துகீறேன் பாரு. மாடி ஏறுடி" என்றாள். பிள்ளையின் கண் பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளை மட்டும் தெரிந்தது. ஜெயம் கட்டையை எடுத்து அதன் வலது கையில் வைத்தாள். விரல் மூடவில்லை. கட்டை உருண்டு பாயில் விழுந்தது.

"எப்பலருந்து இப்டி கீது?"

"காலைலருந்து உடாம போடறா டீச்சர்" என்றாள் சௌந்தரம். முகத்தில் இன்னும் விசேஷக்களை இருந்தது. ஜெயத்தின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அது வடிந்தது. "இன்னா டீச்சர்?"

"இது கட்டை இல்ல சௌந்தரம்."

வீரமுத்து சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, நீங்க சொல்லிக் குடுத்ததுதானே போடறா?"

"எடது கையப் பாருங்கண்ணே" என்றாள் ஜெயம். குரல் கிடுகிடுவென்று ஆடியது. "அசையறது எடது கை. எடது கைக்கு நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலியே. வீடு அசையக் கூடாதுன்னுதானே சொல்லிக் குடுத்தேன்."

தாளம் போட்ட பையன் நிறுத்திக்கொண்டான். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இடது கை மட்டும், ஒரே மாதிரி, வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை செத்த மீன் மாதிரி பாயில் கிடந்தது. அந்தக் கூட்டம் முழுக்கக் காலையிலிருந்து நின்று வேடிக்கை பார்த்தது இதைத்தான்.

"ஜல்தி ஆஸ்பத்திரிக்குப் போவணும்ணே. வண்டி கீது" என்றாள் ஜெயம்.

வீரமுத்துவுக்கு முகம் சிவந்தது. கெட்ட மனுஷன் இல்லை. சுற்றி அவர் சனம் அத்தனையும் நிற்கிறது. "தாய்மாமன் வந்து உக்காந்துக்கினு கீறான். ஆசாரி ஊசியோட கீறாரு. நல்ல நேரம் போய்க்கினு கீது. காது குத்தி முடிச்சதும் நானே டாக்டராண்ட இட்டுக்கினு போறேன். நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதீங்க."

"ஆத்தா வாசல்ல கீற புள்ளைக்கு இன்னா ஆவும்?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

நான் ஜெயத்தைக் கண்ணால் கூப்பிட்டேன். வா, போய்விடலாம். நமக்கு இவர்கள் உறவா, முறையா? நாளைக்கு ஏதாவது ஆனால் டீச்சர் வந்த நேரம்தான் என்பார்கள். அத்தனை ஆண்கள் நிற்கிறார்கள், ஆளுக்கு ஒரு அடி போட்டால்கூட நான் தாங்க மாட்டேன். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. பயத்தில் என் கால் இரண்டும் வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

ஜெயம் குனிந்து பிள்ளையை வாரித் தூக்கினாள். பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, வண்டிய எடுங்க."

"ஜெயம், பேஜாரு பண்ணாதமே..."

"எடுங்கன்றேன்ல!"

கல்யாணமாகி அதுவரைக்கும் என்னிடம் அவள் குரல் உயர்த்தியதில்லை. நான் ஓடினேன். பின்னால் ஜெயம், அவளுக்குப் பின்னால் தலைவிரிகோலமாகச் சௌந்தரம். ஊரே கத்திக்கொண்டு வருகிறது. வேனுக்குள் ஏறிச் சாவியைப் போடுகிறேன், வீரமுத்து என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "எம்பொண்ண எறக்குடா!"

அந்த நேரத்தில்தான் ஜெயத்தின் மடியில் பிள்ளை விறைத்தது. முதுகு வில்லாக வளைந்தது. பல் கிட்டிக்கொண்டது. வாயோரம் நுரை தள்ளியது. இடது கை மட்டும் இல்லை, உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டது. வீரமுத்து பார்த்தார். என் காலரிலிருந்து அவர் கை தானாக விழுந்தது. அவரும் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார்.

கோலியனூரிலிருந்து விழுப்புரம் எவ்வளவு தூரம்? ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் போய்விடலாம். அன்றைக்கென்று ரயில்வே கேட் போட்டிருந்தான். கூட்ஸ் வண்டி. பெட்டி வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அந்த ரயிலைத் திட்டினேன். வைப்பர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. அதற்கு நடுவில் பின்னால் ஜெயத்தின் குரல், பிள்ளையின் காதோடு காதாக, "ஏறு, தெற, எறங்கு, சாத்து. ஏறு, தெற, எறங்கு, சாத்து." கடவுள் பேரைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு இதுதான் வாயில் வந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். பார்த்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினார். ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். வெளியே வந்து, மூளைக் காய்ச்சல்தான் என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தா எங்ககிட்ட கொண்டாந்தே இருக்க வேண்டாம்" என்றார். வீரமுத்து சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "இப்பவும் உறுதியாச் சொல்ல முடியாது. உசிரு பொழச்சாலும் பழைய புள்ளயா எழுந்து வருமான்னு போகப் போகத்தான் தெரியும். சில புள்ளைங்களுக்குப் பேச்சு போயிடும். அம்மாவையே அடையாளம் தெரியாமப் போயிடும்."

ஜெயம் டாக்டருக்குப் பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன். "டாக்டரம்மா, கட்டை... விரலால திருப்புற வெளையாட்டு... அது நெறைய வெளையாண்டா இந்த நோவு வருமா?" என்று கேட்டாள்.

டாக்டர் நின்று இவளை ஏற இறங்கப் பார்த்தார். "கொசு கடிச்சா வரும்மா" என்றார்.

டாக்டர் சொன்னால் ஊர் நம்பிவிடுமா? திண்டிவனத்துக்கு நாங்கள் திரும்புவதற்கு முன்னாலேயே சேதி போய்விட்டது. கட்டை திருப்பித் திருப்பி வீரமுத்து பெண்ணுக்கு மூளை திருகிக்கொண்டது என்றார்கள். வெறுங்கையைத் திருப்புகிற பிள்ளைகளுக்குக் கையிலேயே அடி விழுந்தது. ஒரு அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். ஜெயம் கட்டையை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். அப்புறம் அரிசி எடுக்கவும் பயந்தாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "நானும் சிரிச்சேனேங்க. ஜொரத்துலயும் போடறான்னு சொன்னப்ப நானும் சிரிச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நீ சிரிக்கலன்னா மட்டும் கொசு கடிக்காம உட்டுடுமா?" என்று நான் கத்தினேன். கத்துவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலமானால் விழுப்புரத்துக்கு வண்டியை விட்டேன். முதலாளி டீசல் கணக்குக் கேட்கவில்லை, அவருக்கும் பேத்தி இருந்தது. முதலில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. அப்புறம் கண்ணைத் திறந்தது. அப்பாடா என்று பக்கத்தில் போனால், அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. சௌந்தரம் குனிந்து "அம்மாடி, அம்மாவப் பாரு" என்பாள். கண் மேலே சுற்றும் ஃபேனில் நிற்கும். வீரமுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார், உள்ளே வர மாட்டார். அந்தக் கண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் முடியவில்லை. இதற்கு அன்றைக்கே உசிர் போயிருக்கலாமோ என்றுகூட ஒரு தடவை நினைத்துவிட்டேன். நினைத்த மண்டையில் நானே அடித்துக்கொண்டேன்.

ஜெயம் மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்து அந்தப் பாட்டையே முணுமுணுப்பாள். நர்ஸ் "கொஞ்சம் சும்மா இரும்மா" என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. நான் வார்டு வாசலில் வீரமுத்துவுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சௌந்தரம் அலறினாள்.

"ஐயோ, மறுபடியும் வந்துடுச்சி! வெரலு இழுக்குது! நர்சம்மா!"

டீ கிளாஸ் என் கையிலிருந்து விழுந்தது. உள்ளே ஓடினேன். வீரமுத்து எழுந்திருக்கவே இல்லை, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சௌந்தரம் பிள்ளையின் கையைப் பிடித்து அமுக்கப் போனாள்.

"தொடாத!" என்றாள் ஜெயம். "யாரும் தொடாதீங்க. ஒரு நிமிஷம்."

போர்வை மேல் வடிவின் இடது கை சும்மா கிடந்தது. பாதி மூடி, எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி, ஆடாமல் அசையாமல். அசைந்தது வலது கை. மணிக்கட்டு கொஞ்சம் மேலே போனது. ஆள்காட்டி விரல் உள்பக்கமாக மடங்கியது. மணிக்கட்டு கீழே வந்தது. நின்றது. மறுபடி மேலே போனது, விரல் மடங்கியது, கீழே வந்தது. நின்றது.

ஏறு, திற, இறங்கு. மூன்றுதான் வருகிறது. நாலாவது வரவில்லை. வேறு என்னவோ இழுப்பு இது, பாட்டு இல்லை என்று நினைத்தேன். ஜெயத்தைப் பார்த்தேன். கன்னத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ எங்க ஒரு நாளாச்சும் ஒயுங்கா சாத்தியிருக்கா?" என்றாள். பிறகு கட்டிலின் மேல் குனிந்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, வகுப்பில் கத்துகிற அதே குரலில் கத்தினாள். "வடிவு! கதவச் சாத்துடி, நாய் பூந்துடும்!"

விரல் அப்படியே நின்றது. நர்ஸ் ஊசியோடு நின்றாள். ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த கண் மெதுவாகக் கீழே இறங்கி ஜெயத்தின் முகத்துக்கு வந்தது. ஆள்காட்டி விரல் வெளிப்பக்கமாகத் தள்ளியது.

நான் வாசலுக்கு ஓடினேன். வீரமுத்து இன்னும் காதைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எழுந்து வாங்கண்ணே" என்றேன். "உங்க பொண்ணு கதவச் சாத்திட்டா."